மூலப்படி இல்லாத திருத்தம்

ஸ்கேன் அறிக்கையில் நாலு பிழைகள் இருந்தன. மொத்தமே ஒன்றரைப் பக்கம். என் வயதில் ஒரு வருடம் கூட்டிப் போட்டிருந்தார்கள். தேதியில் மாதத்தை விட்டிருந்தார்கள். ‘முந்தைய படத்துடன் ஒப்பிடும்போது’ என்று தொடங்கிய வாக்கியம் எதையும் ஒப்பிடாமல் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. நாலாவது பிழை பத்தொன்பதாவது வரியில்: ‘இடது பக்கத்தில் ஒன்பது மில்லிமீட்டர் அளவில் புதிய புள்ளி.’

என் கட்டி வலது பக்கம். பதினான்கு மாதங்களுக்கு முன் வலது நெற்றிக்குப் பின்னால் எலும்பைத் திறந்து அதை எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சும் மாத்திரையும். அதற்கப்புறம் மாதத்தில் ஐந்து நாள் மாத்திரை மட்டும். எடுத்த இடத்திலேயே இப்போது மறுபடி முளைத்திருப்பதாக அறிக்கையின் மேல் வரிகளே சொல்லின. இந்த ரகக் கட்டி திரும்பி வராவிட்டால்தான் அதிசயம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், ஆகவே அது வந்ததில் எனக்கு வருத்தம் உண்டே தவிர ஆச்சரியம் இல்லை. ‘இடது’ என்று எழுதியவன்மேல்தான் ஆத்திரமாக வந்தது. பென்சிலால் அந்தச் சொல்லை வட்டமிட்டு, ஓரத்தில் ‘வலது’ என்று எழுதினேன்.

இருபத்திரண்டு வருடமாக எனக்குச் சோறு போடும் வேலை அதுதான். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை. அந்தத் தாளை அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கிறவன் நான். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பது ‘பின்’ ஆகிவிட்டால், ஒரு புள்ளி ஒரு எண் தள்ளி விழுந்துவிட்டால், எங்கோ ஒருவன் படுத்துவிடுவான். மருத்துவர்கள் எழுதும் லட்சணம் எனக்கு மனப்பாடம். உயிரைக் காப்பாற்றுகிறவர்களுக்கு ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றத் தெரியாது.

அன்று சாயந்திரம் என் மச்சினன் வந்திருந்தான். ஏசி விற்கிறவன். ஒரு வண்ண அட்டவணையைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து நாலு மூலையிலும் நாலு டம்ளர்களை வைத்தான்.

“அத்தான், மொத்தம் ஆறு வழி இருக்கு. பச்சைன்னா நல்லது. மஞ்சள்னா யோசிக்கணும். சிவப்புன்னா கடைசி.”

“ஏசி வாங்க வர்றவன்கிட்ட காட்டுவியே, அந்த அட்டவணையா?”

“அதே அமைப்புதான் அத்தான். பேரை மட்டும் மாத்தினேன்,” என்றான். அவனுக்கு வெட்கம் என்ற உறுப்பே கிடையாது.

மறு அறுவைச் சிகிச்சை பச்சை. மறுபடி கதிர்வீச்சு மஞ்சள். ஒரு மூளை தாங்கும் கதிருக்கு ஒரு எல்லை உண்டு, நான் அதில் முக்கால்வாசியைத் தின்று முடித்தவன். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை விழுங்கும் மாத்திரை மஞ்சள். கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் புதுக் குழாய்கள் முளைக்காமல் தடுக்கும் மருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நரம்பு வழியாக, அதுவும் மஞ்சள். தலையில் ஒட்டிக்கொள்ளும் மின்புலத் தொப்பி. யாருக்கும் இன்னும் முடிவு தெரியாத புது மருந்துச் சோதனை.

“தொப்பியை ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் போட்டுக்கணும் அத்தான். தலையை மழிச்சுக்கிட்டே இருக்கணும்.”

“இவருக்குக் குளிர்ல குல்லாவே ஆகாது,” என்றாள் என் மனைவி. அவள் தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க ஊராரின் புகார், ராத்திரி என் புகார். “வீட்டுக்கு வந்தாலும் எனக்கு அதே சீட்டுதான்” என்பாள்.

ஏழாவதாக ஒரு வழி உண்டு. ஒன்றும் செய்யாமல், வலிக்கும் வீக்கத்துக்கும் மட்டும் மருந்து சாப்பிட்டு இருப்பது. மச்சினன் அதைப் போடவில்லை. எந்த விற்பனையாளனும் அட்டவணையில் ‘வாங்காமல் போகலாம்’ என்று ஒரு கட்டம் வரைவதில்லை.

எனக்கு அறுவைச் சிகிச்சைதான் வேண்டும். எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா போன தடவையே சொல்லியிருந்தார்: திரும்பி வந்தது ஒரே இடத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் இன்னொரு தரம் திறக்கலாம். ஒரே இடத்தில் என்பதை அழுத்திச் சொன்னார். எடுத்து எறிவது என்பது எனக்குப் புரிகிற வைத்தியம். மற்றதெல்லாம் கெஞ்சல்.

மறுநாள் காலை ஸ்கேன் மையத்துக்குப் போன் செய்தேன். அறிக்கை தட்டச்சு செய்யும் பெண் எடுத்தாள்.

“நாலு தப்பு இருக்கும்மா.”

“சார், டாக்டர் பாத்து கையெழுத்து போட்டது சார்.”

“என் வயசையும் அவர் பாத்துத்தான் போட்டாரா?”

அவள் காகிதத்தைப் புரட்டுவது கேட்டது.

“பாதி வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கே, அதையும் பாத்துத்தான் விட்டாரா?”

“நாலாவது என்ன சார்?”

“என் கட்டி வலது பக்கம். நீங்க இடதுன்னு அடிச்சிருக்கீங்க. இதே தப்பை ஒரு ஆபரேஷன் தியேட்டர்ல பண்ணினா என்ன ஆகும்னு தெரியுமா?”

அவள் குரல் சிறுத்துவிட்டது. “திருத்தி அனுப்பிடறோம் சார்.” மத்தியானத்துக்குள் புது அறிக்கை வந்தது. வயது சரி. தேதி சரி. பாதி வாக்கியத்தை முடிப்பதற்குப் பதிலாக எடுத்தேவிட்டிருந்தார்கள். இடது வலதாகியிருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

இரண்டு அறிக்கைகளையும் அச்சகத்துக்கு எடுத்துப்போய்த் தொண்டையிடம் காட்டினேன். தொண்டை என்பது பட்டப்பெயர். எங்கள் வேலையில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப்படியை உரக்க வாசிப்பார், காற்புள்ளி அரைப்புள்ளி உட்பட. மற்றவர் அச்சுப்படியில் கண்ணை ஓட்டிக் குறி போடுவார். பத்தொன்பது வருடமாக அவர் வாசிக்கிறார், நான் பார்க்கிறேன். எந்நேரமும் வெந்நீர் குடிப்பார். மண்டையில் சரக்கு இல்லாதவனுக்குத் தொண்டையாவது இருக்கட்டும் என்று ஆண்டவன் கொடுத்தது என்று நான் அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

அன்று சிரிக்கவில்லை. பென்சில் வட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இந்த இடதை மட்டும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தியிருக்கலாமோ?”

“உமக்கு எது வலது எது இடதுன்னு தெரியுமாய்யா?”

“சாப்பிடற கை தெரியும்,” என்றார். வெந்நீரை ஊற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை டாக்டரம்மாவின் அறை. ஜன்னலில்லாத அறை, மேஜையில் பிளாஸ்டிக்கில் ஒரு மூளை. அதன் ஒரு பாதி கழன்று காகிதங்களின் மேல் பாரமாக இருந்தது. டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் கேட்டார்: “இவர் சுபாவத்துல ஏதாவது மாற்றம் தெரியுதாம்மா? எரிஞ்சு விழறது, மத்தவங்களை மட்டம் தட்டறது? நெத்திக்குப் பின்னால கட்டி இருந்தா அப்படி வரும்.”

என் மனைவி யோசித்தாள். “இல்லீங்க. கல்யாணத்தன்னிக்கே இப்படித்தான் இருந்தார்.”

மச்சினன் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

நான் திருத்திய அறிக்கையை மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். தன் கோப்பிலிருந்து பழைய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“இதை யார் மாத்தச் சொன்னது?”

“நான்தான். நாலு தப்பு இருந்தது.”

“மூணு,” என்றார்.

கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் என் மண்டை. வலது பக்கம் நெற்றியருகே, தீ பிடித்த காகிதத்தின் ஓரம்போல ஒரு வெள்ளை வளையம். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். அவருடைய பேனா அங்கே நிற்காமல் இந்தப் பக்கம் வந்தது. காதுக்கு நேரே உள்ளே, ஒரு மிளகு அளவுக்கு வெள்ளைப் புள்ளி.

“இது இடது. புதுசு. படத்தைப் பாத்துத்தான் எழுதியிருக்காங்க.”

அச்சகத்தில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. மூலப்படி கையில் இல்லாமல் பென்சிலைத் தொடாதே. உனக்குத் தப்பாகப் படுவது தப்பில்லை; மூலத்தில் இல்லாததுதான் தப்பு. நேற்று வேலைக்கு வந்த பயலுக்கும் இது தெரியும். இந்த அறிக்கைக்கு மூலப்படி அந்தச் சாம்பல் படம். அதைக் கண்ணால் பார்க்காமல், பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல், எனக்கு வேண்டியதை ஓரத்தில் எழுதி, ஒரு சின்னப் பெண்ணை மிரட்டி அதை அச்சிலும் ஏற்றியிருந்தேன். மற்ற மூன்று பிழைகளும் உண்மையாக இருந்ததுதான் எனக்கு வாய்த்த மது. அதைக் குடித்துவிட்டு நாலாவதில் விழுந்தேன்.

அறையில் யாரும் பேசவில்லை. மௌனம் எனக்குப் பிடித்த இடம். வழக்கமாக மற்றவர்கள்தான் அதில் நெளிவார்கள்.

“அப்ப ஆபரேஷன்?” என்றான் மச்சினன்.

“ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை விட்டா, தலையைத் திறந்த கஷ்டம்தான் மிச்சம். இடது புள்ளி பேச்சு, படிப்பு எல்லாம் இருக்கற இடத்துப் பக்கத்துல இருக்கு. அதை நான் தொடமாட்டேன். புது மருந்துச் சோதனையிலயும் ரெண்டு பக்கம் இருந்தா சேத்துக்கமாட்டாங்க.”

மச்சினன் பையிலிருந்து பேனாவை எடுத்து, பச்சைக் கட்டத்தின்மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தான்.

டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். “மிச்சம் இருக்கறதுல எதை முதல்ல ஆரம்பிக்கறதுங்கறது ஒரு விஷயத்தைப் பொறுத்தது. இடது புள்ளி சும்மா இருக்கா, இல்ல வேலையைக் காட்ட ஆரம்பிச்சிருக்கா? சும்மா இருந்தா ஆறு வாரத்து மாத்திரையைப் பாக்கலாம். வார்த்தையில கை வெச்சிருந்தா, சுத்தி இருக்கற வீக்கத்தை முதல்ல இறக்கணும். அதுக்கு நரம்பு வழி மருந்து. படிக்கும்போது வார்த்தை நழுவுதா?”

“இல்லை.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“நான் படிக்கறதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன்.”

படங்கள் அச்சிட்ட அட்டைகளைக் காட்டினார். சாவி, ஏணி, ஆமை, திருகாணி. எல்லாவற்றையும் சொன்னேன். ஆமைப் படத்துக்குக் கால் அஞ்சு வரைந்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “வால்,” என்றார். “திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. உங்க வேலையைக் கூட இருந்து பாக்கறவங்க யாராவது இருந்தா கேளுங்க. இது நமக்கே தெரியாம நடக்கும்.”

மறுநாள் அச்சகத்துக்கு ஒரு சாட்சி வாங்கத்தான் போனேன். ஒரு மாதத்தில் நான் ஒரு பிழைகூட விடவில்லை என்று தொண்டை சொல்லவேண்டும். அதைத் திங்கட்கிழமை அந்த அம்மாளின் மேஜையில் வைக்கவேண்டும். கேட்டேன். அவர் வெந்நீர்க் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். முழுக்க மூடிய பிறகும் திருகினார்.

“சொல்லுமய்யா.”

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு அச்சுப்படிகளை எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் மூலையில் என் குறி: பார்த்தாகிவிட்டது, போகலாம். என் நீலக் குறிகளுக்கு நடுவே, வேறு கையில், சிவப்பாகச் சின்னச் சின்னக் குறிகள். ஒன்றை எடுத்துப் படித்தேன். ‘கண்ணில் விடக்கூடாது’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘கண்ணில் விட’ என்றதோடு வரி முடிந்திருந்தது. அதன் பக்கத்தில் என் சரி. இன்னொன்றில் ‘ஒரு நாளைக்கு இரண்டு வேளை.’ அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி பார்த்தேன். தொண்டை விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் ‘இரண்டு’ அங்கே இல்லை என்பது தெரிந்தது. இல்லாத சொல்லை என் கண் போட்டுப் படித்திருந்தது.

“எத்தனை நாளா?”

“அஞ்சு வாரம் இருக்கும்ணே.”

“எத்தனை?”

“முப்பத்தேழு.”

“இதையெல்லாம் யாரு பாத்தா?”

“நான்தான். சாப்பாட்டு வேளையில.”

“உமக்கு யார் வாசிச்சா?”

அவர் கைப்பேசியைக் காட்டினார். காலையில் எனக்கு வாசிக்கும்போதே தன் குரலைப் பதிவு செய்து, மத்தியானம் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் சோறும் ஒரு கையில் சிவப்புப் பேனாவுமாக முழுப்படியையும் மறுபடி பார்த்திருக்கிறார். அஞ்சு வாரமும். பத்தொன்பது வருடம் அந்த மனிதரை ஒரு ஒலிபெருக்கி என்றே நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

“ஏன்யா சொல்லலை?”

“திட்டுவீங்கன்னுதான்.” கைப்பேசியைப் பைக்குள் போட்டார். “இல்லண்ணே. சொல்லி நீங்க திட்டாம விட்டுட்டா என்ன பண்றதுன்னு.”

நான் திட்டவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“நீங்க கட்டில்ல வெச்சிருக்கற புத்தகம் பதினோரு நாளா அதே பக்கத்துல இருக்கு. ஏதோ ஆழமா யோசிக்கறீங்கன்னு விட்டுட்டேன்.”

“கேட்டிருக்கலாமே.”

“பேசாம இருந்தா உங்களுக்குப் பிடிக்கும். இருபத்தாறு வருஷமா அப்படித்தான் பழக்கியிருக்கீங்க.”

அதுவும் சரிதான். வார்த்தை நழுவியபோதெல்லாம் நான் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த மௌனத்தை எல்லாரும், நானும் உட்பட, என் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டோம். வேறொருவன் இப்படி ஏமாந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம், “முப்பத்தேழு” என்றேன்.

“என்ன முப்பத்தேழு?”

“அஞ்சு வாரத்துல நான் விட்ட பிழை. போன தடவை நான் சொன்னது தப்பு.”

அவர் எழுதிக்கொண்டார். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

“அப்ப நரம்பு வழி மருந்தையே ஆரம்பிச்சிடலாம். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். அடுத்த ஸ்கேன் ரொம்ப அழகா வரலாம். வெள்ளையெல்லாம் மங்கியிருக்கும். அதைப் பாத்து கட்டி போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. வீக்கம் போகும், கட்டி உள்ள இருக்கும். இது ஆயுசைக் கூட்டும்னு யாரும் இன்னும் நிரூபிக்கலை.”

“படியை வெள்ளையடிச்சுட்டுப் பிழையை விட்டுடற மருந்து.”

“ஆமாம்,” என்றார். “ஆனா அந்த வெள்ளையடிச்ச நாள்ல நீங்க படிக்கலாம். சிலருக்கு அது சில மாசம். சிலருக்கு ஒண்ணுமே இல்லாமயும் போகும். எதுவும் வேண்டாம்னு வீட்லயே இருக்கறதும் ஒரு வழிதான். அதைக் கேவலமா நினைக்காதீங்க.”

மச்சினன் அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தான். அதில் இல்லாத ஒரு வழியை மருத்துவரே சொன்னது அவனுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும்.

படிக்கும் நாள் வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. உலகத்தில் நான் படித்தாக வேண்டிய புத்தகம் என்று எதுவும் இல்லை, முக்கால்வாசி குப்பை. இருந்தாலும் அது குப்பை என்பதை நானே கண்டுபிடிக்க வேண்டும்.

புதன்கிழமை காலை மருந்து ஏற்றும் கூடம். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கொக்கிக் கம்பி. நர்ஸ் மூன்று பக்கச் சம்மதப் படிவத்தைக் கொடுத்து, “படிச்சுப் பாத்து கையெழுத்து போடுங்க சார்” என்றாள். முதல் வரியிலேயே ‘மேற்படி நோயாளியாகிய நான்’ என்று இருந்தது. இரண்டாவது வரி வழுவழுவென்று ஓடியது. சந்தேகப்பட எதுவுமே இல்லாத வரி. அந்த வழுவழுப்பை இனி நான் நம்பமுடியாது. காகிதத்தை மனைவியிடம் நீட்டினேன்.

“நீ வாசி.”

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒரு செய்தித்தாள் பத்தியை வாசித்துக் காட்டினாள். அப்போது நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அப்புறம், இருபத்தாறு வருடத்தில் அவள் என் முன்னால் எதையும் உரக்க வாசித்ததில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். புகார் மனு வாசிக்கும் அதே வேகம். நிறுத்தவேண்டிய இடத்தில் ஓடினாள், ஓடவேண்டிய இடத்தில் மூச்சு வாங்கினாள். ரத்த அழுத்தம் ஏறலாம், ரத்தக் கசிவு வரலாம், உறைந்த ரத்தம் காலிலோ நுரையீரலிலோ அடைக்கலாம், காயம் ஆறாமல் போகலாம். எல்லாவற்றையும் ஒரே தொனியில் கொட்டினாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் வானொலியைக் குறைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் அவள் நின்றாள்.

“தப்பா வாசிக்கறேனா?”

மோசமாகத்தான் வாசித்தாள். அதைவிட மோசமாக ஒரு மனுஷி வாசிக்கமுடியாது. ஆனால் ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தாள்.

“இல்ல,” என்றேன். “மேல வாசி.”